325 போதுமா?

ஜிஆர்இ எழுதிவிட்டு அமெரிக்காவில் இயற்பியலோ வேதியியலோ பிஎச்டி செய்ய நினைக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "325 போதுமா?" என்பதுதான். இதற்கு ஆலோசனை மையங்களும் சீனியர்களும் ஒரு அட்டவணையைக் காட்டிப் பதில் சொல்கிறார்கள். அந்த அட்டவணையை எப்படி வாசிக்கிறார்கள் என்பது பற்றி எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு புகார் உண்டு. மதிப்பெண்ணால் ஒன்றுமே தெரியாது என்று அடித்துச் சொல்லும் எதிர்த்தரப்பின் மீதும் அதே புகார்தான்.

முதலில் அந்த 325. வெர்பல், குவான்ட் இரண்டும் தனித்தனியாக 130 முதல் 170 வரை. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் பார்க்காதீர்கள், தனி எண்ணை வைத்து மட்டும் ஆளைக் கழிக்காதீர்கள் என்று தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனமே பல்கலைக்கழகங்களுக்குச் சொல்கிறது. நாம் கூட்டாமல் விடுவோமா? குவான்ட் 170, வெர்பல் 155 எடுத்தவரும், குவான்ட் 160, வெர்பல் 165 எடுத்தவரும் 325 தான். ஒரு இயற்பியல் துறையின் கண்ணில் இவர்கள் முற்றிலும் வேறு ஆட்கள்.

அதிலும் வெர்பலில் 165 என்றால் 95 பெர்சென்டைல் பக்கம். குவான்ட்டில் அதே 165 சமீப ஆண்டுகளில் 70 பக்கம் வந்து நிற்கிறது. 2011-இல் இந்த அளவுகோல் வந்த புதிதில் குவான்ட் 170 என்பது 98 பக்கம் இருந்தது. இப்போது 91, 92 தான். அதாவது நூற்றுக்கு எட்டொன்பது பேர் முழு மதிப்பெண் எடுக்கிறார்கள். (எழுதுகிறவர்களில் இந்தியாவிலிருந்து மட்டும் எவ்வளவு பெரிய கூட்டம் என்று யோசித்தால் காரணம் புரியும்.) இயற்பியல் பிஎச்டிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த மேல்முனையில் நெருக்கியடித்து நிற்கும்போது, 167-க்கும் 170-க்கும் நடுவில் துறைக்கு என்ன தெரியப்போகிறது? ஒவ்வொரு பிரிவிலும் அளவீட்டுப் பிழையே 2 புள்ளிக்கு மேல். கூட்டுத்தொகையில் அது 3-ஐத் தாண்டும். ஒரே ஆள், அதே திறமையோடு, அடுத்த மாதம் எழுதினால் 320 என்பது 323 ஆகலாம், 317-உம் ஆகலாம்.

இனி அட்டவணை. "சேர்ந்தவர்களின் சராசரி குவான்ட் 167" என்று ஒரு துறை போட்டிருக்கும். நம் ஆட்கள் அதைக் கட் ஆஃப் என்று படிக்கிறார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கூட்டி 200-க்குக் கட் ஆஃப் போட்டு, அதையும் இட ஒதுக்கீட்டுப் பிரிவையும் சொன்னால் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்று டீக்கடையிலேயே சொல்லிவிடும் ஊர் இது. பொறியியல் கலந்தாய்வில் அது சரியான வாசிப்பு. அங்கே மதிப்பெண்தான் முடிவு. அமெரிக்க பிஎச்டி சேர்க்கையிலோ நாலைந்து பேராசிரியர்கள் உட்கார்ந்து சிபாரிசுக் கடிதம், ஆய்வு அனுபவம், பாட மதிப்பெண்கள், நோக்க அறிக்கை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வாதம் பண்ணுகிறார்கள்.

வித்தியாசத்தை எண்ணாகவே பார்க்க ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதினேன். ஒரு லட்சம் கற்பனை விண்ணப்பதாரர்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள்: தேர்வு மதிப்பெண், ஆய்வுத் திறன். இரண்டும் இயல்நிலைப் பரவல், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. துறை இரண்டையும் சம எடையில் கூட்டி, மேலே இருக்கும் 10 சதவீதத்தை மட்டும் எடுக்கிறது. நிஜத்தில் இவ்வளவு சுத்தமாக எதுவும் இருக்காது, ஆனாலும் படம் தெளிவாகும்.

சேர்ந்தவர்களின் சராசரி மதிப்பெண், விண்ணப்பித்தவர்களின் சராசரியைவிட 1.24 திட்ட விலக்கம் மேலே இருந்தது. சரி, துல்லியமாக அந்த 1.24-ஐ எடுத்த ஒருவருக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? 28 சதவீதம். "சராசரியைத் தொட்டாச்சு, சேஃப்" என்று நினைத்தவர்களில் நூற்றுக்கு 72 பேர் வெளியே. அதிலிருந்து அரை திட்ட விலக்கம் கீழே இறங்கினால் வாய்ப்பு 14 சதவீதம். விண்ணப்பித்தவர்களின் வெறும் சராசரியில் நின்றவருக்குக்கூட 3.5 சதவீதம். எங்கேயும் திடீர்ப் பள்ளம் இல்லை. சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்தச் சராசரிக்குக் கீழேதான் இருப்பார்கள் என்பதையும் யாரும் கவனிப்பதில்லை. துறை வெளியிடுவது, சேர்ந்தவர்களின் மதிப்பெண் என்ன என்பதை. மாணவருக்கு வேண்டியது, இந்த மதிப்பெண் எடுத்தவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது. சேராதவர்களின் கணக்கு இல்லாமல் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக வழியில்லை. அந்தக் கணக்கை அநேகமாக யாரும் வெளியிடுவதில்லை.

இப்போது எதிர்த்தரப்பு. 2019-இல் கேசி மில்லரும் சகாக்களும் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் எழுதிய கட்டுரை பெரிய அலையைக் கிளப்பியது. 2000 முதல் 2010 வரையிலான அமெரிக்க இயற்பியல் பிஎச்டி மாணவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவரின் தரவு. இளநிலைப் பாட மதிப்பெண் எல்லா மாதிரிகளிலும் பட்டம் முடிப்பதோடு தொடர்பு காட்டியது. குவான்ட் நான்கில் இரண்டில் மட்டும். வெர்பலும் இயற்பியல் ஜிஆர்இயும் எதிலும் இல்லை. இதிலிருந்துதான் "இயற்பியல் ஜிஆர்இ எதையும் கணிக்காது" என்ற கோஷம் பிறந்தது.

மறுபடி என் நிரலுக்கு வாங்க. பிஎச்டியில் வெற்றி என்பதை மதிப்பெண், ஆய்வுத் திறன் இரண்டும் சம அளவில் தீர்மானிக்கின்றன, கூடவே அதிர்ஷ்டமும் ஒரு பங்கு என்று வைத்தேன். லட்சம் பேரையும் சேர்த்துவிட்டால் மதிப்பெண்ணுக்கும் வெற்றிக்கும் ஒட்டுறவு 0.5. தேர்வான 10 சதவீதத்துக்குள் மட்டும் பார்த்தால் 0.14! மதிப்பெண்ணின் முக்கியத்துவத்தை நான் ஒரு பொட்டுக்கூடக் குறைக்கவில்லை. மதிப்பெண் குறைவாக இருந்தும் உள்ளே வந்தவர் வேறு எதிலோ பலமானவர் என்பதால் வந்தவர். தொடர்பே இல்லாத அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில், உள்ளே வந்தவர்களிடம் மட்டும் −0.71 என்று எதிர்மறை ஒட்டுறவு முளைத்துவிடுகிறது. மருத்துவமனை நோயாளிகளின் தரவை வைத்து பெர்க்சன் 1946-இலேயே காட்டிய முரண் இது. மில்லர் கட்டுரைக்கு இதே வழியில் 2020-இல் மைக்கேல் வைஸ்மன் மறுப்பு எழுதினார். துறைகளின் தரவரிசைவாரியாகப் பிரித்துப் பார்த்ததே விளைவைக் குறைத்துக் காட்டும் என்பது அவர் வாதங்களில் ஒன்று. ஆசிரியர்களும் பதில் எழுதினார்கள். நான் வைஸ்மன் பக்கம். மில்லர் குழுவின் இன்னொரு வாதம், அதாவது இந்த மதிப்பெண்கள் சில பிரிவினரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன என்பது, இதனால் விழுந்துவிடாது. அது வேறு தரவு, வேறு கேள்வி.

குன்செல் குழுவினர் 2001-இல் 1,753 மாதிரிகள், 82,659 மாணவர்களைத் தொகுத்துப் பார்த்தபோது பொதுத் தேர்வைவிடப் பாடத் தேர்வுகள் நன்றாகக் கணித்தன. ஆனால் பட்டம் முடிப்பதைக் கணிப்பது, பாடத்தில் எடுக்கும் மதிப்பெண்ணைக் கணிப்பதைவிட பலவீனமாகவே இருந்தது. எனக்கு நம்பத்தகுந்ததாகப் படும் படம் இதுதான்: மிதமான தகவல், அதிலும் பாடத் தேர்வில் சற்றுக் கூடுதல்.

இதெல்லாம் ஏட்டுச் சண்டை இல்லை. போன வருடம் அலுவலக நண்பர் ஒருவரின் மகள் கேட்டாள். மாவட்டத் தலைநகர் ஒன்றில் இணைப்புக் கல்லூரியில் எம்எஸ்சி இயற்பியல். குவான்ட் 166, வெர்பல் 154, இயற்பியல் ஜிஆர்இ 860. "320 தான் வருது அங்கிள், 325 இல்லாம நல்ல துறைக்குப் போட வேண்டாம், மறுபடி எழுதுன்னு சொல்றாங்க" என்றாள். மறுபடி எழுத இருபதாயிரம் ரூபாய்க்கு மேல், இரண்டு மாதப் படிப்பு. அந்த 5 புள்ளியில் பெரும்பகுதி அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும் என்று மேலே பார்த்தோம்.

நான் பார்த்தது 860-ஐ. அவளுடைய கோப்பில் வேறு என்ன இருக்கிறது? 8.4 சிஜிபிஏ. அந்தக் கல்லூரியின் 8.4 என்றால் என்ன என்று அமெரிக்கப் பேராசிரியருக்குத் தெரியாது. கடிதம் எழுதியவர்கள் மூவரும் நல்ல ஆசிரியர்கள். அவர்கள் பெயரையும் அங்கே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மீதிக் கோப்பு வாசிக்க முடியாததாக இருக்கும் இடத்தில்தான் ஒரு பொதுத்தேர்வின் எண் அதிகம் பேசும். இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு செய்து, பெயர் தெரிந்த ஒருவரிடம் கடிதம் வாங்கிய மாணவருக்கு அதே 860 சேர்ப்பது கொஞ்சம்தான். ஆக, 860 போட்டித்தன்மை உள்ளதா என்ற கேள்விக்குத் துறைவாரியாகப் பதில் தேடுவதைவிட, யாருடைய 860 என்று கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கொரோனாவுக்குப் பிறகு நிறைய துறைகள் இயற்பியல் ஜிஆர்இயை விருப்பத்துக்கு விட்டுவிட்டன; சில வாங்குவதே இல்லை. விருப்பத்துக்கு விட்ட இடங்களில் நல்ல மதிப்பெண் வந்தவர்கள்தான் அனுப்புவார்கள், எனவே வெளியாகும் சராசரி தானாக ஏறும். அதைப் பார்த்து 860 எடுத்தவர் பயந்து அனுப்பாமல் விட்டால் அடுத்த வருடச் சராசரி இன்னும் ஏறும். வாங்காத இடங்களில் அவளுக்கு இருந்த ஒரே வாசிக்கத்தக்க எண்ணும் போய்விடுகிறது. தேர்வை எடுத்துவிட்டால் கதவு அகலமாகும் என்று எழுதுகிறவர்கள் இந்த இணைப்புக் கல்லூரிப் பெண்ணை மனதில் வைத்திருந்ததாகத் தெரியவில்லை.

மறுபடி எழுத வேண்டாம் என்றேன். 860-ஐ வாங்கும் எல்லா இடத்துக்கும் அனுப்பு, வாங்காத இடங்களில் எம்எஸ்சி ப்ராஜெக்ட்டின் நிரலையும் அறிக்கையையும் யாரும் திறந்து பார்க்கும்படி வை, பொதுத் தேர்வுக்கு வைத்திருந்த பணத்தில் இன்னும் இரண்டு விண்ணப்பம் சேர்த்துப் போடு. பட்டியலை மறுபடி போட்டபோது அவள் ஏற்கெனவே அடித்துவிட்டிருந்த நான்கு துறைகளில் மூன்று உள்ளே வந்தன.