லைட் அடிக்குது, படத்துல வரல

மணமக்கள் முகத்தில் வெளிச்சம் சரியாக விழுந்திருக்கிறது. மாலையும் நகையும் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் படத்தின் கீழே கால்வாசிக்கு ஒரு கருப்புப் பட்டை. அடுத்த படம் முழுக்க இருட்டு. அதற்கடுத்தது நன்றாகவே வந்திருக்கிறது. சங்கராபுரம், கள்ளக்குறிச்சி பக்கத்து ஸ்டுடியோக்களில் இதைப் பார்த்ததும் "லைட் போச்சுண்ணே" என்றுதான் முதலில் சொல்வார்கள். லைட்டைக் கழற்றி, தெர்மாக்கோல் வைத்துக் கட்டி, சேலத்துக்கோ சென்னைக்கோ சர்வீசுக்கு அனுப்புவார்கள். முகூர்த்த நாள் நெருக்கத்தில் அது பெரிய நஷ்டம். பல நேரம் லைட்டில் கோளாறே இருக்காது. பட்டையும், முழு இருட்டும், விட்டு விட்டு வருவதும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. எது எதனால் என்பதைப் படமே காட்டிக்கொடுத்துவிடும்.

கேமராவிலிருந்து லைட்டுக்குச் சிக்னல் அனுப்பும் கோடாக்ஸ் எக்ஸ்-ப்ரோ ட்ரிகரை இந்தக் கண்ணோடுதான் சோதித்தேன். சங்கராபுரத்தில் நண்பர் ஒருவரின் ஸ்டுடியோ. கேனன் 5டி மார்க் 3 கேமரா. குடையும் சாஃப்ட் பாக்ஸும் மாட்டிய இரண்டு கோடாக்ஸ் எஸ்கே400 இரண்டாம் தலைமுறை லைட். அதுவரை அங்கே ஓடிக்கொண்டிருந்தது குட்டி சுவிட்சுகளைத் தள்ளிச் சேனல் மாற்றும் பழைய வகை ட்ரிகர். அதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன்.

முதலில் பட்டை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு. பொத்தானை அழுத்தியதும் முதல் திரை மேலிருந்து கீழே இறங்கி சென்சாரைத் திறக்கிறது. சற்று நேரம் கழித்து இரண்டாவது திரை அதே வழியில் இறங்கி மூடுகிறது. மெதுவான வேகத்தில் இரண்டுக்கும் நடுவே சென்சார் முழுக்கத் திறந்திருக்கும் ஒரு கணம் கிடைக்கும். ஃப்ளாஷ் அந்தக் கணத்துக்குள் அடித்து முடித்துவிட வேண்டும். வேகத்தைக் கூட்டினால் முதல் திரை இறங்கி முடிப்பதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். முழுக்கத் திறந்த கணமே இருக்காது. 5டி மார்க் 3-க்கு அந்த எல்லை 1/200. இதைத்தான் சிங்க் ஸ்பீடு என்கிறோம். லென்ஸ் காட்சியைத் தலைகீழாக சென்சாரில் விழ வைப்பதால், இரண்டாவது திரை முதலில் மூடும் மேற்பகுதி படத்தில் கீழ்ப்பகுதியாகிறது. கேமராவைக் கிடையாகப் பிடித்தால் பட்டை அடியில் வரும், நெட்டுக்குத்தாகப் பிடித்தால் பக்கவாட்டில் வரும்.

இரட்டை லென்ஸ் யாஷிகாவில் படமெடுத்த மூத்த ஸ்டுடியோக்காரர்களுக்கு இந்தப் பட்டையே தெரியாது. லென்ஸுக்குள் இருந்த இலை ஷட்டர், அதன் உச்ச வேகமான 1/500-இலும் ஃப்ளாஷை ஏற்றுக்கொண்டது. அவர்களுக்கு வேறு தொல்லை. அந்தக் காலத்துக் கேமராக்கள் பலவற்றில் எம், எக்ஸ் என்று ஒரு நெம்புகோல் இருக்கும். எம் என்பது பல்ப் ஃப்ளாஷுக்கானது. பல்ப் எரிந்து உச்சத்துக்கு வரட்டும் என்று ஷட்டர் சுமார் 20 மில்லிசெகண்ட் காத்திருந்து திறக்கும். எலெக்ட்ரானிக் ஃப்ளாஷை மாட்டி எம்மில் விட்டுவிட்டால், ஷட்டர் திறக்கும் முன்பே ஃப்ளாஷ் அடித்து ஓய்ந்துவிடும். ரோலைக் கழுவினால் நெகட்டிவில் ஒன்றும் இருக்காது.

இனி சோதனை. அறை விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, பாஸ்போர்ட் படத்துக்கு வைத்திருக்கும் வெள்ளைத் திரையைக் கேமராவைக் கிடையாகப் பிடித்து எடுத்தோம். ஐஎஸ்ஓ 100, எஃப் 8. 1/60-இல் ஆரம்பித்து 1/125, 1/160, 1/200 என்று ஒவ்வொரு படியாக ஏற்றினோம். பழைய ட்ரிகரில் 1/125 வரை திரை ஒரே சீராக வெள்ளை. 1/160-இல் அடியோரம் லேசாக மங்கியது. 1/200-இல் விளிம்பு தெரியும்படி கருப்புப் பட்டை வந்துவிட்டது. அதே இடத்தில் எக்ஸ்-ப்ரோவை மாட்டினால் 1/160 சுத்தம். 1/200-இல் பட்டை இல்லை. முழுப் பவரில் அடியோரம் மட்டும் ஒரு சின்ன மங்கல். கேமரா திரையில் அது தெரியவில்லை, கம்ப்யூட்டரில் மேலும் கீழும் அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். 1/200 என்பது 5 மில்லிசெகண்ட். அதில் திரை இறங்குவதற்கே மூன்று, நான்கு மில்லிசெகண்ட் போய்விடும். மிச்சமிருக்கும் அந்தக் குறுகிய இடைவெளிக்குள் ட்ரிகர் சிக்னல் அனுப்பி, லைட் அதை வாங்கி, அடித்து முடிக்க வேண்டும். பழைய ட்ரிகர் ஒரு மில்லிசெகண்ட் தாமதித்தாலே பட்டை விழும். லைட்டின் பங்கும் இதில் உண்டு. அட்டைப்பெட்டியில் 1/800 செகண்ட் என்று போட்டிருந்தால் அது வெளிச்சம் பாதி உச்சத்துக்கு மேல் இருக்கும் நேரம் மட்டும்தான். வால்பகுதி பெரும்பாலும் தேய்ந்து அடங்க ஏறக்குறைய மூன்று மடங்கு நேரமாகும், அதாவது நான்கு மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வாலைத்தான் இரண்டாவது திரை வெட்டிவிடுகிறது. ஆகவே விளிம்பு கூர்மையாக இருந்தால் ஷட்டர் வேகம் மிஞ்சிவிட்டது அல்லது ட்ரிகர் பிந்துகிறது என்று பொருள். படிப்படியாக மங்கினால் ஃப்ளாஷின் வால் வெட்டுப்படுகிறது. இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றே: 1/125-க்கு இறங்குவது. அது 8 மில்லிசெகண்ட், தாராளமான நேரம். ஸ்டுடியோவுக்குள் இதனால் எந்த இழப்பும் இல்லை, ஏனென்றால் அசைவை உறைய வைப்பது அங்கே ஃப்ளாஷ்தான்.

ஒரு பட்டைக்குப் பதிலாகப் படம் நெடுக வரிவரியாகப் பட்டைகள் தெரிந்தால் அதற்கும் ஸ்டுடியோ லைட்டுக்கும் சம்பந்தமில்லை. மண்டபத்தின் எல்இடி விளக்குகள் செய்யும் வேலை அது.

எக்ஸ்-ப்ரோவின் பெரிய நன்மை என்று நான் நினைப்பதை விளம்பரங்களில் யாரும் முன்னால் வைப்பதில்லை. கேமரா இதைத் தன் சொந்த ஃப்ளாஷ் போல அடையாளம் கண்டுகொள்கிறது. பழைய ட்ரிகர் ஹாட் ஷூவின் நடு முள்ளை மட்டும் தொடுவதால் அங்கே ஃப்ளாஷ் ஒன்று இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. மண்டபத்துக்கு வெளியே 1/1000 வைத்துவிட்டு அப்படியே உள்ளே வந்தால் அதையும் மறுக்காமல் எடுத்துக்கொடுக்கும். எக்ஸ்-ப்ரோ இருந்தால் கேமரா 1/200-க்கு மேல் ஏற விடாது. முகூர்த்தப் பரபரப்பில் டயல் கைபட்டுத் திரும்பிவிடும் ஆபத்து இருக்கிறதே, அதற்கு இந்த ஒரு காவலே போதும் என்பேன். ஒரு நிபந்தனை: சிங்க் ஸ்பீடைத் தாண்ட விடும் ஹெச்எஸ்எஸ் வசதி அணைந்திருக்க வேண்டும். கேனன் வகையில் அது ட்ரிகரிலேயே ஒரு பொத்தானில் இருக்கிறது, தெரியாமல் அழுத்திவிட முடியும். எஸ்கே400-க்கு ஹெச்எஸ்எஸ் கிடையாது. அந்த நிலையில் 1/500 வைத்தால் பட்டைதான் மிஞ்சும். திரையில் ஹெச் என்ற எழுத்து தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் பிடித்தால் பிளாஸ்டிக் உடம்பு, கனமில்லை. சாய்வான பெரிய திரை, பக்கத்தில் ஐந்து குரூப் பொத்தான், ஒரு டயல். இடது லைட் ஏ, வலது லைட் பி என்று வைத்துக்கொண்டால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை அசைக்காமல், ஸ்டாண்டை இறக்காமல், கேமராவிலிருந்தே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்துக்காக இறங்கி வந்திருக்கும் பெரியவரைக் காக்க வைக்காமல் அனுப்புவதற்கு இது எவ்வளவு உதவும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு ஏஏ பேட்டரி போதும். குறை என்றால், மேலே இன்னொரு ஃப்ளாஷ் மாட்ட ஹாட் ஷூ கிடையாது. ப்ளூடூத்தும் இல்லை. மெனுவில் எழுத்துச் சுருக்கங்கள் புதியவரைத் திணறடிக்கும்.

அந்த மெனுவுக்குள் சில விஷயங்களை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். தூக்க நேரம் 60 செகண்ட் என்று இருந்தால் வாடிக்கையாளர் தலை சீவி வருவதற்குள் ட்ரிகர் தூங்கிவிடும், முதல் படம் இருட்டாகும். 30 நிமிடம் என்று மாற்றுங்கள். லைட் பக்கத்திலேயே இருக்கும் சின்ன ஸ்டுடியோவில் தூரத்தை 0 முதல் 30 மீட்டர் என்று வையுங்கள். 1 முதல் 100 மீட்டர் என்ற அமைப்பில் மிக அருகே உள்ள லைட் சில நேரம் சிக்னலைத் தவறவிடும்.

மண்டபத்தில் பிரச்சினை வேறு மாதிரி. பெண் வீட்டுக்கு ஒரு ஃபோட்டோகிராஃபர், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒருவர் என்று வருவது சகஜம். இரண்டு பேரும் கோடாக்ஸ், இரண்டு பேரும் சேனல் 1. அவர் அழுத்தினால் உங்கள் லைட் அடிக்கும். அடுத்த நொடி நீங்கள் அழுத்தும்போது லைட் இன்னும் சார்ஜ் ஏறாமல் நிற்கும். உங்கள் படம் இருட்டு, பழி லைட்டின் மேல். எக்ஸ்-ப்ரோவில் 32 சேனல் இருக்கிறது. அதற்கு மேல் 1 முதல் 99 வரை ஐடி எண் வைக்கலாம். லைட்டும் அந்த ஐடி வசதியை ஏற்க வேண்டும், இரண்டிலும் எண் ஒன்றாக இருக்க வேண்டும். எக்ஸ்-ப்ரோ ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். வைஃபையும் அதே அலைவரிசைதான். ஸ்கேன் போட்டால் நெரிசல் இல்லாத சேனல்களைத் தானே தேடிக் காட்டுகிறது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஸ்கேன் போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

ட்ரிகரை மாற்றினாலும் தீராத கோளாறுகள் உண்டு. எல்லா லைட்டும் அடிக்கிறது, கண்ணால் பார்க்கிறோம், ஆனால் படத்தில் துளி வெளிச்சம் இல்லை என்றால் லைட் முந்திக்கொள்கிறது என்று பொருள். ட்ரிகர் இல்லாமல் கேமராவின் சொந்தக் குட்டி ஃப்ளாஷை வைத்து லைட்டின் ஸ்லேவ் கண்ணைத் தூண்டுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். டிடிஎல் முறையில் குட்டி ஃப்ளாஷ் வெளிச்சத்தை அளக்க முன்கூட்டியே ஒரு முறை மின்னும். ஸ்லேவ் கண் அதை நம்பி, ஷட்டர் திறக்கும் முன்பே லைட்டை அடித்துவிடும். குட்டி ஃப்ளாஷை மேனுவலுக்கு மாற்றுங்கள், ரெட் ஐ வசதியை அணையுங்கள், இல்லையென்றால் லைட்டில் அந்த முன்மின்னலைக் கண்டுகொள்ளாத எஸ்2-க்குப் போங்கள். எக்ஸ்-ப்ரோ மாட்டிய பிறகு ஸ்லேவ் கண்ணே தேவையில்லை. விருந்தினர் யாராவது கேமராவில் ஃப்ளாஷ் போட்டால் அதற்கும் அடிக்கும் என்பதால் அணைத்துவிடுவது நல்லது.

லைட் அடிக்கவே இல்லை என்றால் முதலில் கேமரா மெனுவில் சைலன்ட் ஷட்டரைப் பாருங்கள். கோயிலில் தாலி கட்டும்போது சத்தம் வரக்கூடாது என்று போட்டிருப்போம், எடுக்க மறந்திருப்போம். மிரர்லெஸ் கேமராக்களில் பெரும்பாலானவை அந்த நிலையில் ஃப்ளாஷுக்குச் சிக்னலே அனுப்பாது. கேனன் டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூ சைலன்ட் மோட் 1, 2 இருந்தால் வெளி நிறுவன ஃப்ளாஷ் அடிக்காது. அதை டிஸேபிள் செய்ய வேண்டும். அடுத்து ஹாட் ஷூவின் அழுக்கு. வியர்வையும் தூசியும் சேர்ந்து முள்ளின் மேல் படலமாகிவிடும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தாலே பளபளப்பு திரும்பும்.

கடைசியாகக் கரண்ட். ஒன்று விட்டு ஒன்று இருட்டாக வருவதற்கு நம் ஊரில் பெரும்பாலும் காரணம் இதுதான். ராத்திரி வரவேற்பில் சீரியல் செட், ஏர் கூலர், வீடியோ லைட் எல்லாம் ஒரே ஜெனரேட்டரில் தொங்கும்போது வோல்டேஜ் இறங்கும். ஒரு செகண்டில் ஏற வேண்டிய சார்ஜ் இரண்டு, மூன்று செகண்ட் எடுக்கும். லைட்டின் பீப் ஒலியை அணைக்காதீர்கள். அது கேட்ட பிறகு அடுத்த படத்தை எடுங்கள். லைட்டுக்குத் தனி லைன் கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பவரைப் பாதிக்கு இறக்கி ஐஎஸ்ஓவை ஒரு படி ஏற்றுங்கள். இதை எந்த ட்ரிகராலும் சரிசெய்ய முடியாது.

கல்வராயன் மலையில் கதை மாறுகிறது. மேகம் அருவி, பெரியார் அருவி என்று ஜோடிகளை அழைத்துப்போய்ப் படமெடுப்பவர்களுக்குப் பட்டப்பகல் வெயிலே எதிரி. அங்கே எஸ்கே400 உதவாது, அதற்குக் கரண்ட் வேண்டும். ஏடி200 ப்ரோ போன்ற பேட்டரி லைட்டோடு எக்ஸ்-ப்ரோவைச் சேர்த்தால் ஹெச்எஸ்எஸ் முறையில் 1/8000 வரை போகலாம். திரைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு சென்சாரைக் கடக்கும் நேரம் முழுக்க ஃப்ளாஷ் விடாமல் துடித்துக்கொண்டே இருப்பதால் பட்டை வராது. அந்தத் துடிப்பில் பவர் பெருமளவு போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். லைட்டை ஆளுக்கு நெருக்கமாகக் கொண்டுவர வேண்டியிருக்கும். வாய்ப்பிருந்தால் மரநிழலில் நிறுத்தி 1/200-க்குள் எடுப்பதையே நான் விரும்புவேன், முகத்தில் வெளிச்சம் நிறைவாக விழுகிறது.

விலை ஒரு எஸ்கே400 லைட்டைவிடக் குறைவு. கோடாக்ஸ் எக்ஸ் வகை லைட் ஏற்கெனவே வைத்திருப்பவர் தயங்காமல் வாங்கலாம். லைட் வேறு நிறுவனத்துடையது என்றால் தனி ரிசீவர் தேவைப்படும், அப்போது கேமராவிலிருந்து பவரை மாற்றும் வசதியும் போய்விடும். அவர்கள் பழைய ட்ரிகரையே 1/125-இல் வைத்து ஓட்டுவது லாபம். வாங்கும்போது உங்கள் கேமரா எந்த நிறுவனம் என்று சொல்லிக் கேளுங்கள், கேனன் வகை நிக்கானுக்குப் பொருந்தாது. கேனன் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 வைத்திருப்பவர்கள் ஹாட் ஷூவின் நடுவே முள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கேனன் இந்த மாடல்களில் நடு முள்ளை எடுத்துவிட்டது. சாதாரண ட்ரிகர் அவற்றில் அடிக்கவே அடிக்காது, லைட்டை எத்தனை முறை சர்வீசுக்கு அனுப்பினாலும் பயனில்லை. கேனனின் மொழியில் பேசும் ட்ரிகர்தான் வேண்டும், அதிலும் புதிய ஃபர்ம்வேர் ஏற்றியது. கேமராவைக் கையோடு எடுத்துப்போய், கடையிலேயே மாட்டி, லைட் அடித்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.