மேரி கொல்வினின் போர்க்களச் செய்திகள்: முசலியிலிருந்து ஒரு நோக்கு

மேரி கொல்வின் சிரியாவின் ஹோம்ஸ் நகரிற் கொல்லப்பட்ட 2012ஆம் ஆண்டிலேயே அவரது செய்திகளின் தொகுப்பான ‘ஒன் த ஃப்ரொன்ட் லைன்’ வெளிவந்தது. இத்தகைய எழுத்தைப் போற்றுவோர் பொதுவாக ஒரு கருத்தை வற்புறுத்துவர்: ஆண் நிருபர் படைக்கலங்களைக் காண்கிறார், பெண் நிருபர் மனிதரைக் காண்கிறார் என்பதே அது. பாராட்டுப் போலத் தோன்றும் இக்கூற்று வரலாற்றுக்கு முரணானது. 1944இல் நோர்மண்டித் தரையிறக்கத்தைக் காண்பதற்கு மார்த்தா கெல்ஹோர்ன் மருத்துவக் கப்பலொன்றில் ஒளிந்து செல்ல நேர்ந்தது. பெண் நிருபருக்குப் போர்முனை மறுக்கப்பட்டிருந்தமையே அதற்குக் காரணம். தடையினாற் பிறந்த ஓர் எழுத்துமரபைப் பெண்ணின் சுபாவமாகக் காட்டுவது, காரணத்தை மறைத்துவிட்டுக் காரியத்தைப் புகழ்வதாகும்.

கொல்வினின் வன்னிச் செய்தி நமக்கு அணுக்கமானது. வெளிநாட்டு நிருபர்கள் செல்லமுடியாதிருந்த வன்னிக்குள் அவர் 2001 ஏப்ரலில் வழிகாட்டிகளோடு காட்டுவழியே நடந்து சென்றார். உணவுக்கும் மருந்துக்கும் விதிக்கப்பட்ட தடையினால் மக்கள் பட்ட அவலத்தை எழுதினார். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு மீள்கையில், ஏப்ரல் 16ஆம் நாள், இராணுவத்தின் தாக்குதலில் இடக்கண்ணின் பார்வையை இழந்தார். இச்செய்தியின் பெறுமதியை மறுப்பது நேர்மையாகாது. எனினும் அது நுகரப்பட்ட விதம் வேறு. எழுதப்பட்ட மக்கள் மறைய, எழுதியவரின் கண்மறைப்பே அடையாளமாயிற்று. அவரைப் பற்றிய 2018ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் தலைப்பே ‘தனிப்பட்ட போர்’ எனப் பொருள்படும். செய்தி சரக்காகும்போது அதற்கொரு வணிகக்குறி வேண்டியிருக்கிறது. வழிகாட்டியின் பெயரை மறைத்தல் பாதுகாப்பின் பொருட்டு எனலாம். ஆயின் அவரது உழைப்பையே விமர்சகர்கள் மறந்தமைக்கு அச்சமாதானம் பொருந்தாது.

இனி முசலியை நோக்குவோம். மன்னார் மாவட்டத்தின் தென்கரையான இப்பிரதேசத்து முஸ்லிம்கள், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டோருள் அடங்குவர். கொல்வின் வன்னிக்குச் சென்றபோது அவர்கள் புத்தளத்தில் அகதிகளாகப் பத்தாண்டுக்கு மேல் கழித்திருந்தனர். புலிகளின் ஆட்சிப்பரப்பினுள் நடந்த ஒருவருக்கு, அங்கிருந்து முன்னரே துரத்தப்பட்டோர் கண்ணிற்படார். ‘போர்முனை’ என்ற கருத்தாக்கத்தின் எல்லை இதுவே: குண்டு விழும் இடம் செய்தியாகிறது, வெறுமையாக்கப்பட்ட இடம் செய்தியாவதில்லை. (தமிழ் முற்போக்கு விமர்சனமும் 1990 குறித்து நெடுங்காலம் தாழ்ந்த குரலிலேயே பேசியது. கொல்வினைக் குறைகூறுமுன் இதனை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.)

2007 செப்டெம்பரில் இராணுவம் சிலாவத்துறையைக் கைப்பற்றியது. அக்காலத்தில் முள்ளிக்குளத்துத் தமிழ்க் கத்தோலிக்க மக்களும் தம் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஊர் கடற்படையின் வசமாயிற்று. 2017இல் அம்மக்கள் நிலத்தை மீட்கப் போராடினர். பெண்கள் தெருவோரத்திலிருந்து, வந்தோர்க்கெல்லாம் தம் வீட்டையும் வயலையும் கடற்றொழிலையும் பற்றிக் கூறினர். அவ்வாண்டிலேயே நிலத்தில் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படை இணங்கிற்று. அப்பெண்களின் கூற்றைத் தகவலாக மட்டும் கொண்டு, அதை எடுத்துச் சென்றவரை மட்டும் எழுத்தாளராகக் கொள்ளும் திறனாய்வு, அறிவின் உற்பத்தியிலும் கூலிக்காரர், முதலாளி என்ற பிரிவையே பேணுகின்றது. முள்ளிக்குளத்துப் பெண்களின் வாய்மொழியும் போர்ச்செய்தியே.