பங்காளிகளின் அரியணை

அயர்லாந்தின் ராஸ்காமன் பகுதியில், லாக் கீ ஏரிக்குள் சின்னஞ்சிறு தீவு ஒன்று இருக்கிறது. மொய்லர்க் என்ற கேலிக் சிற்றரசை ஆண்ட மக்டெர்மட் குலத்தாரின் கோட்டை அங்கேதான் இருந்தது. மூத்த மகன் என்பதற்காக மட்டும் அங்கே ஒருவன் அரசனாகிவிட முடியாது. ஒரே கொள்ளுத் தாத்தாவின் ஆண்வழியில் வந்த பங்காளிகள் அனைவருக்கும் உரிமை உண்டு. அவர்களில் தகுதியானவனைக் குலம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிற்கால ஆங்கிலேய அதிகாரிகள் இதைக் காட்டுமிராண்டி வழக்கம் என்று தள்ளினார்கள். அது நியாயமில்லை. அரசனே படையின் முன்னால் நிற்க வேண்டிய காலம் அது. தொட்டில் பிள்ளைக்கு முடிசூட்டிவிட்டு நாட்டைக் காவலரிடம் விடும் ஆபத்தை இந்த முறை தவிர்த்தது.

ஆனால் குலம் தேர்ந்தெடுத்தது என்பதை அப்படியே நம்பவும் முடியவில்லை. 1310இல், மொய்லர்க்குக்கும் மேலான கொனாக்ட் அரசர் கொலையுண்டதும், மொய்லர்க்கை ஆண்ட மல்ரூனி மக்டெர்மட் தன் வளர்ப்பு மகன் ஃபெலிம் ஓ கானரை முடிசூட்டும் இடமான கார்ன்ஃப்ரீ மேட்டுக்கு அழைத்துச் சென்றார். அரசன் நாட்டை மணமுடிக்கும் பழஞ்சடங்கு நடந்தது. வளர்த்தவரே கூட இருந்து பணிவிடை செய்தார். அந்தப் பையனுக்கு வயது பதினேழு. அவனை அரசனாக்கியது மல்ரூனியின் கைபலம். ஐந்தே ஆண்டில், ஃபெலிம் போருக்காக அல்ஸ்டர் போயிருந்த நேரம் பார்த்து ஓ கானர் குலத்து இன்னொருவர் கொனாக்டைப் பிடித்தார். மொய்லர்க்கையும் டெர்மட் கால் என்ற பங்காளி கைப்பற்றினார். 1316இல் அவ்விருவரும் ஒரே போரில் மாண்டார்கள். அதே ஆண்டு ஆதன்ரைப் போரில் ஃபெலிமும் விழுந்தார்.

என்னால் மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. உடற்குறை உள்ளவன் ஆளக் கூடாது என்பது மரபு. அதனால் போட்டியாளனைக் கொல்ல வேண்டியதில்லை, கண்ணைப் பறித்தாலே போதும். 1156இல் கொனாக்ட் அரசரான ரூரி ஓ கானர் உடன்பிறந்த பிரையனுக்கு அதைத்தான் செய்தார். தகுதி பார்க்கும் முறையே தகுதியை அழிக்கக் கற்றுக்கொடுத்தது.

எல்லாருக்கும் உரிமை தந்ததைவிட, எப்போது யார் முடிவு செய்வது என்பதைத் தீர்க்காமல் விட்டதே பெரிய பிழை என்பேன். மல்ரூனி அதை உணர்ந்திருக்க வேண்டும். 1331இல், உயிரோடிருக்கும்போதே அவர் ஆட்சியைத் துறந்து, பக்கத்தில் பாயில் என்ற ஊரின் மடத்தில் துறவியாடை உடுத்தினார். மகன் டொமல்டாக் அரசரானார்.