பிரீக்ஸின் நீலகிரி நூலும் முதற்களப் பயிற்சியும்: ஒரு மதிப்பீடு

நீலகிரித் தொல்லியலில் நுழையும் ஆய்வு மாணவர் தவிர்க்க இயலாத நூல் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸினுடையது. நீலகிரியின் முதல் ஆணையரான அவர், அம்மலையின் தொல்குடிகளையும் நினைவுச் சின்னங்களையும் பற்றி எழுதிய அந்நூல் அச்சேறுமுன் 1872இல் மறைந்தார். அவருடைய மனைவியின் முயற்சியால் அது 1873இல் வெளிவந்தது. தரவுத் தொகுப்பாக அதற்கு இன்றும் ஈடில்லை. கள முறையைக் கற்க அதனை முன்மாதிரியாகக் கொள்ளலாமா என்பதே இங்கு எழும் வினா.

பிரீக்ஸ் தொல்லியல் பயின்றவர் அல்லர். கல்கத்தா அருங்காட்சியகத்துக்குப் பொருள் திரட்டும் பணியே அவரைக் கற்குவைகளிடம் அழைத்துச் சென்றது. எருமை முதலிய விலங்குருவங்கள் அமைந்த மட்கல மூடிகள், வெண்கலக் கிண்ணங்கள், இரும்புக் கருவிகள் என அவர் திரட்டியவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. நூல் அவற்றை நுணுக்கமாக விவரிக்கிறது. ஆனால் எந்த மூடி எந்தக் கலத்தின்மேல், எவ்வளவு ஆழத்தில், எந்த எலும்பின் அருகே கிடந்தது என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. ஒரே கல்லறை பல காலங்களில் மீண்டும் பயன்பட்டதா என்பதை இனிச் சோதிக்க வழியில்லை.

இதனைக் காலத்தின் குறை என்று கூறி அமைதி காண்பது வழக்கம். அவ்வமைதி பொருந்தாது. பிரீக்ஸுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே சுரபுரம் பகுதியில் பெருங்கற்கால ஈமச்சின்னங்களை அகழ்ந்த மெடோஸ் டெய்லர், மண்ணடுக்குகளைக் குறுக்குவெட்டு வரைபடமாகத் தந்தார். அவரும் முறையான பயிற்சி இல்லாத நிர்வாகியே. வேறுபாடு பயிற்சியில் இல்லை. பொருளைத் தேடியதற்கும் பொருள் கிடந்த நிலையைத் தேடியதற்கும் இடையில் உள்ளது.

மஞ்சூரை அடுத்த பிக்கட்டியில் இக்கட்டுரையாளர் மேற்கொண்ட முதல் மேற்பரப்பாய்வில் இக்குறை நேரடியாக உறைத்தது. தேயிலைச் சரிவில் தென்பட்ட கற்குவியல் ஒன்றைப் பிரீக்ஸின் விவரிப்போடு ஒப்பிட்டு, ஈமக் கற்குவை எனக் குறிப்பேட்டில் பதிந்தாயிற்று. தோட்டத்துக்குரிய படகர் பெரியவர் அதனைக் கேட்டுச் சிரித்தார். உருளைக்கிழங்கு பயிரிட நிலம் திருத்தியபோது தம் பாட்டனார் பொறுக்கிப் போட்ட கற்கள் அவை என்றார். நீலகிரிக் கற்குவைகள் பெரிதும் மலைமுகடுகளில் அமைவன என்பது நினைவிலிருந்திருந்தால் அவரைக் கேட்கும் முன்பே ஐயம் எழுந்திருக்கும். (பதிவு அடிக்கப்படவில்லை, பக்கத்தில் திருத்தம் எழுதப்பட்டது.)

ஆகவே, அகழாய்வுக் குழியில் இறங்குவதே முதற்பயிற்சி என்னும் நம் துறைகளின் எண்ணம் மறுபரிசீலனைக்குரியது. ஒருமுறை அகழ்ந்த கல்லறையை மீண்டும் அகழ முடியாது. எழும்பூர்ப் பொருள்களையும் புரூஸ் ஃபுட்டின் 1901ஆம் ஆண்டுப் பட்டியலையும் பிரீக்ஸின் பக்கங்களோடு வைத்து, எந்தப் பொருள் எந்த இடத்துக்குரியது என மீட்டெடுக்கும் பணி இன்னும் மிச்சமிருக்கிறது. அதற்கு உரிமமோ பெருநிதியோ வேண்டியதில்லை. ஒரு பருவகால உழைப்பும் அருங்காட்சியகத்தின் இசைவும் போதும்.