சாம்பலின் பக்கம்

தெருப் படமென்றால் கறுப்பு கரியாகவும் வெள்ளை சுண்ணாம்பாகவும் இருந்தாக வேண்டும் என்பது இப்போது யாரும் கேள்வி கேட்காத விதி. பயிலரங்குகளில் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள். மென்பொருளில் கான்ட்ராஸ்ட்டுக்கு ஒரு தள்ளு, கிளாரிட்டிக்கு இன்னொரு தள்ளு. நிழலில் நின்ற ஆள் காணாமல் போய்த் தொப்பியின் விளிம்பு மட்டும் மிஞ்சும். அதற்குப் பெயர் ‘மூட்’. கேட்டால், மரபு என்கிறார்கள்.

எந்த மரபு? கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் படங்களைத் தானே பிரிண்ட் போட்டவரல்லர். பாரிசில் பியேர் காஸ்மானின் பிக்டோ கூடம் போட்டுக் கொடுத்தது. நடுச் சாம்பலில் நிதானமாக நிற்கும் பிரிண்ட்கள் அவை. ராபர்ட் ஃபிராங்கின் ‘அமெரிக்கர்கள்’ (பாரிஸ் 1958, நியூயார்க் 1959) கலங்கல் என்று திட்டு வாங்கிய நூல். கறுப்பை வாரிக் கொட்டியவர்கள் 1956இல் நியூயார்க் நூலைக் கொண்டுவந்த வில்லியம் க்ளைனும், பின்னால் ஜப்பானின் ‘புரொவோக்’ இதழ்க் கூட்டமும்தான். 1968–69இல் அதன் மூன்றே இதழ்கள் வந்தன. அந்தக் கூட்டத்துக்குக் காரணம் இருந்தது: படம் உண்மை சொல்லும் என்ற நம்பிக்கையையே உடைக்க வந்தவர்கள். அவர்களில் ஒருவரான நகாஹிரா 1973இல் தன் நெகட்டிவ்களில் பெரும்பகுதியைக் கொளுத்தினார். இன்று அதே கூட்டத்தைச் சேர்ந்த மொரியாமாவின் கரியைக் கடன் வாங்குகிறவர்கள் அந்தச் சந்தேகத்தை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

இந்தப் பேச்சில் ராய் டிகராவாவின் பெயர் அடிபடுவதே இல்லை. 1919இல் ஹார்லெமில் பிறந்தவர். ஓவியத்திலும் பட்டுத்திரை அச்சிலும் கை பழகிய பிறகு கேமராவுக்கு வந்தவர். 1952இல் குகன்ஹைம் நிதி பெற்ற முதல் கறுப்பினப் புகைப்படக் கலைஞர். ஃபிளாஷை நாடாமல், இருந்த வெளிச்சத்தில் எடுத்தார்; இருட்டறையில் தானே பிரிண்ட் போட்டார். 1953இல் எடுத்த ‘ஹால்வே’ படத்தைப் பாருங்கள். வாடகைக் குடியிருப்பின் ஒடுக்கமான நடை, மங்கலான விளக்கு, இருபுறமும் நெருக்கும் சுவர்கள். ஆளே இல்லை. ஏறக்குறைய முழுப் படமும் அடர் சாம்பலின் சின்னச் சின்னப் படிகளால் ஆனது. முதல் பார்வைக்கு இருட்டு. கண் பழகப் பழகச் சுவர் சுவராகிறது. அங்கே குடியிருப்பவர் தினமும் பார்க்கும் வெளிச்சம் அவ்வளவுதான். கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் அந்த நடை வெறும் பயமுறுத்தலாகிவிடும்.

முகங்களிலும் அதே கதை. மங்கிய அறையில் கரிய தோலைப் படமெடுத்தால், கான்ட்ராஸ்ட் கூடிய தாளில் அது ஒற்றைக் கறுப்பாய் அடைத்துக்கொள்ளும். அந்தக் குறுகிய இடைவெளிக்குள்ளேயே கன்னம், கழுத்து, கண்ணிமை என்று பிரித்துக் காட்டியவர் டிகராவா. விவரம் என்று நான் சொல்வது இதைத்தான். செங்கல்லின் சொரசொரப்பைச் சீவிக் கூராக்குவது விவரமல்ல, அலங்காரம்.

பிறகு ஏன் அவருடைய சாம்பல் கரியிடம் தோற்றது? அவர் படங்களில் இருப்பது நிழலின் நுண்ணிய படிகள், அவற்றைத் தாங்க நல்ல தாளும் நல்ல அச்சும் வேண்டும். ஆனால் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் எழுத்தோடு 1955இல் வந்த ‘தி ஸ்வீட் ஃபிளைபேப்பர் ஆஃப் லைஃப்’ கைக்கடக்கமான சிறு நூல்தான். ஜாஸ் படங்களை அவர் 1960களின் தொடக்கத்திலேயே நூலாக அடுக்கி வைத்தார். அந்த ‘தி சவுண்ட் ஐ சா’ அச்சில் வந்ததோ 2001இல்தான். கரியும் சுண்ணாம்பும் மட்டமான அச்சிலும் பிழைக்கும், கட்டைவிரல் அளவுத் திரையிலும் பிழைக்கும். அந்தப் பாணி ஜெயித்ததற்கு அழகைவிட இந்தச் சௌகரியமே பெரிய காரணம் என்பேன். (விருப்பக்குறிகளை எண்ணுகிறவர்கள் கோபிக்கலாம்.)

பயிலரங்குகள் முதல் வாரமாவது கிளாரிட்டியைப் பூட்டி வைக்கட்டும். எட்டுக்குப் பத்து அங்குலத்தில் ஒரு பிரிண்ட் போட்டு, நிழலில் நின்றவரின் சட்டைக் காலர் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லட்டும். தெரியாவிட்டால் மறுபடி போடட்டும்.