வல்வில் ஓரியின் கொடையும் புகழும்: ஒரு மறுவாசிப்பு

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலைக்குச் செல்லும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. மலைமேல் உள்ள செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கையொட்டி அவன் பெயரில் அரசு விழா எடுக்கிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவன் என்று பாடநூல்கள் அவனை அறிமுகம் செய்கின்றன. ஆனால் ஓரி பேரரசன் அல்லன். ஒரு மலையையும் அதைச் சார்ந்த நிலத்தையும் ஆண்ட குறுநிலத் தலைவன். போரில் காரியால் கொல்லப்பட்டான். அவனுடைய மலை சேரர் கைக்குப் போனது. அப்படித் தோற்ற ஒருவனின் பெயர் ஏன் அழியவில்லை?

'கொடுத்தான், அதனால் பாடினார்கள், பாடியதால் நிலைத்தான்' என்பது வழக்கமான விடை. இது தவறன்று, ஆனால் போதாது. கொடுத்தவர் எல்லாரும் நிலைக்கவில்லை. பாடப்பட்டவர் எல்லாரும் நினைவில் இல்லை. ஓரியைப் பற்றிய சங்கப் பாடல்களை ஒருங்கே வைத்துப் படித்தால், கொடைக்கும் புகழுக்கும் இடையே உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிடச் சிக்கலானது என்பது தெரியும்.

இரண்டு வழக்கமான விளக்கங்கள்

சங்ககாலக் கொடையை இருவகையாக விளக்குவது வழக்கம். முதலாவது அறவியல் விளக்கம். வள்ளல்கள் கைம்மாறு கருதாமல் கொடுத்தார்கள், புலவர்கள் உள்ளம் உருகிப் பாடினார்கள் என்பது அது. பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் இவ்வழியில் செல்கின்றன. இரண்டாவது பொருளியல் விளக்கம். தலைவனுக்குப் பெயர் வேண்டும், பாணனுக்குச் சோறு வேண்டும், எனவே இது ஒரு பரிமாற்றம் என்பது அது. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆய்வுநூல் சங்கப் பாடல்களைக் கிரேக்கம் உள்ளிட்ட பிற வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டுப் பாணர்க்கும் புரவலர்க்கும் இருந்த உறவைச் சமூக நோக்கில் காட்டியது. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த தம் கட்டுரையில், கொடை என்பது திருப்பித் தரும் கடமையையும் கூடவே கொண்டுவருகிறது என்று வாதிட்டார். இவற்றைப் படித்தவர்கள் ஓரியின் கொடையையும் ஒருவகைக் கடன் என்றே எளிதில் முடிவுசெய்துவிடலாம்.

முதல் விளக்கம் பாடல்களில் உள்ள பசியை மறைக்கிறது. இரண்டாவது விளக்கம் பாடல்களில் உள்ள நாணத்தையும் கோபத்தையும் மறைக்கிறது. பாடல்களையே பார்ப்போம்.

காட்டிடையே நிகழ்ந்த கொடை

வன்பரணர் பாடிய புறநானூறு 152ஆம் பாடல் ஒரு காட்சியாக விரிகிறது. ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றில் கிடந்த உடும்பில் சென்று தைக்கிறது. எய்தவன் யார் என்று பாணர் கூட்டம் வியக்கிறது. இவன் ஊன் விற்கும் வேடனாகத் தெரியவில்லை, செல்வன் போல் இருக்கிறான், ஒருவேளை ஓரியோ, அல்லனோ என்று ஐயுறுகிறது. பிறகு யாழும் முழவும் பிற கருவிகளும் முழங்கப் பாடுகிறது. பாட்டின் முடிவில் தலைவன் என்று விளித்தபோது, அது தன் பெயராக இருப்பதால் அவன் நாணுகிறான். நாங்கள் நாடுநாடாகச் சென்று வருகிறோம், உனக்கு நிகரான வேட்டுவன் எங்குமில்லை என்று சொல்லித் தம் வேண்டுகோளைத் தொடங்குகிறார்கள். அதைச் சொல்லி முடிக்கவும் அவன் விடவில்லை. மான் இறைச்சியும் மதுவும் தந்து, மலையில் பிறந்த பொன்னையும் மணிகளையும் அள்ளிக் கொடுக்கிறான்.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. கொடை அரசவையில் நிகழவில்லை, காட்டுவழியில் நிகழ்கிறது. பெற்றவர்களைத் தவிர வேறு சாட்சிகள் இல்லை. கேட்கும் சொல் முழுதாக வெளிவருமுன்பே கை நீண்டுவிடுகிறது. எனவே இரப்பவர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள வேண்டிய கணம் வரவேயில்லை. புகழ் தேடுபவன் செய்யும் கொடையாக இதைக் கொள்வது கடினம். அப்படிப்பட்டவன் தன் பெயர் கேட்டு நாணமாட்டான்.

எனினும் இதை அப்படியே நடந்த நிகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. இதே வன்பரணர், கண்டீரக் கோப்பெருநள்ளியைப் பாடிய புறநானூறு 150ஆம் பாடலிலும் ஏறத்தாழ இதே காட்சியை அமைத்திருக்கிறார். அங்கும் காடு, வேட்டுவன், இறைச்சி, அணிகலன் எல்லாம் உண்டு. நள்ளி தன் பெயரையே சொல்லாமல் போய்விடுகிறான். புலவர் அதைப் பிறர் வாயிலாக அறிகிறார். இரு தலைவர்க்கும் ஒரே அச்சு என்றால் அது வரலாற்றுக் குறிப்பு என்பதைவிட ஓர் இலக்கிய மரபு என்பதே பொருந்தும். மரபு என்பதால் மதிப்புக் குறைவதில்லை. எத்தகைய கொடை பாடத்தக்கது என்று பாடுபவர்கள் கருதினார்கள் என்பதை அந்த மரபு சொல்கிறது. பெயரை முன்னிறுத்தாத கொடையே பெயர் பெறத்தக்கது என்பது அவர்கள் வைத்த அளவுகோல்.

பாட்டை மறந்த பாணர்

புறநானூறு 153ஆம் பாடலும் வன்பரணருடையது. ஓரியைக் காணச் சென்ற சுற்றத்தார் மணிகளால் செய்து வெள்ளி நாரில் தொடுத்த குவளைப் பூவையும் யானைகளையும் பெற்றுத் திரும்புகிறார்கள். அவர்களுக்கு ஆடவும் முடியவில்லை, பாடலும் மறந்துவிட்டது. பசி தீர்ந்துபோனதுதான் காரணமோ என்று புலவர் வினவுகிறார்.

நள்ளியைப் பாடிய 149ஆம் பாடலிலும் இதன் சாயல் உண்டு. உன் வண்மையால் எம்மவர் மாலையில் மருதமும் காலையில் செவ்வழியும் வாசிக்கிறார்கள், முறையே மறந்துவிட்டது என்கிறார் வன்பரணர். காலைக்கு உரியது மருதம், மாலைக்கு உரியது செவ்வழி. வயிறு நிறைந்தவுடன் பொழுதும் பண்ணும் இடம் மாறிவிட்டன.

இவை புகழுரைகள் என்பதில் ஐயமில்லை. வறுமையே தெரியாதபடி கொடுத்தாய் என்பதே நேர்ப்பொருள். ஆனால் பரிமாற்ற விளக்கத்துக்கு இவை சிக்கலை உண்டாக்குகின்றன. பாட்டுக்காகக் கொடுத்தான் என்றால், பாட்டையே நிறுத்திவிட்ட கொடை தோல்வியடைந்த வணிகம் அல்லவா? பெற்றவர்கள் கடனைத் திருப்பவில்லை, கலையையே மறந்துவிட்டார்கள். ஓரியின் பெருமையாகப் புலவர் சொல்வது இதைத்தான். கைம்மாறாகப் பாட்டுக்கூட எதிர்பார்க்கப்படவில்லை என்று இதைக் கொள்ளலாம். மறந்துவிட்டார்கள் என்பதைச் சொல்வதற்கும் மறக்காத ஒருவர் தேவைப்பட்டார். அவரே வன்பரணர்.

கிடைக்காதவர் பாட்டு

கழைதின் யானையார் பாடிய புறநானூறு 204ஆம் பாடல் முற்றிலும் வேறு குரலில் ஒலிக்கிறது. கொடு என்று இரப்பது இழிவு, இல்லை என்பது அதைவிட இழிவு. எடுத்துக்கொள் என்று கொடுப்பது உயர்வு, வேண்டாம் என்று மறுப்பது அதைவிட உயர்வு. இந்நான்கையும் வரிசைப்படுத்திய பிறகு புலவர் ஓர் உவமையைச் சொல்கிறார். கடலில் தெளிந்த நீர் எவ்வளவு இருந்தாலும் தாகம் கொண்டவர்கள் அதைக் குடிப்பதில்லை. மாடும் விலங்கும் கலக்கிய சிறு நீராக இருந்தாலும், குடிக்கத்தக்கதாயின் அதை நோக்கிப் பல வழிகள் உண்டாகின்றன. பரிசில் பெறாதவர்கள் தாம் புறப்பட்ட நேரத்தையும் புள் நிமித்தத்தையும் பழிப்பார்கள், கொடுப்பவரைப் பழிக்கமாட்டார்கள். ஆகவே ஓரியே, உன்னை வெறுக்கமாட்டேன், நீ வாழ்க என்று முடிக்கிறார்.

புலவருக்கு அன்று எதுவும் கிடைக்கவில்லை என்பது இதன் உட்குறிப்பு. மேலோட்டமாக வாழ்த்து, உள்ளே இடித்துரை. இரத்தல் இழிவு என்று தொடங்கினாலும், அடுத்த மூச்சிலேயே இல்லை என்பது அதைவிட இழிவு என்று சொல்லிவிடுகிறார். தவறு யாருடையது என்று அவர் சொல்ல வேண்டியதே இல்லை.

ஓரியின் வண்மையை நாம் நம்புவதற்கு இப்பாடல் முக்கியமான சான்று என்பது இக்கட்டுரையின் கருத்து. எல்லாப் பாடல்களும் ஒரே குரலில் புகழ்ந்திருந்தால் அவற்றைக் கூலிக்குச் செய்த வேலை என்று ஒதுக்கியிருக்கலாம். பெறாதவரும் அவனிடம் நின்று பேச முடிந்தது, பேசியதைப் பாட்டாக விட்டுச்செல்ல முடிந்தது. அந்த உரிமை இருந்ததால்தான் மற்றவர்களின் புகழ்ச்சிக்கு மதிப்பு இருக்கிறது. வாயை மூடவைக்கும் கொடைக்குப் புகழைத் தரும் ஆற்றல் இல்லை.

வழிகள் உண்டான விதம்

சிறு நீர்நிலையை நோக்கிப் பல வழிகள் உண்டாகும் என்ற உவமையை இன்னும் சற்றுப் பார்க்கலாம். பாணரும் கூத்தரும் விறலியரும் ஓரிடத்தில் தங்கியவர்கள் அல்லர். பரிசில் பெற்றவன் எதிரே வரும் வறியவனிடம், இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார் என்று சொல்வதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து நூல்கள், இவ்வகையைச் சேர்ந்தவை. தனக்குக் கிடைத்த செய்தியைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் போட்டியாளனாகக்கூட இருக்கத்தக்க இன்னொருவனுக்குச் சொல்வதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்திருக்கிறார்கள். தலைவனின் கொடை பொன்னும் யானையும் என்றால், பாணனின் கொடை வழி சொல்வது. இந்த இரண்டாவது கொடை இல்லாமல் முதல் கொடை மலையைவிட்டு இறங்கியிருக்காது.

ஓரியின் பெயர் அப்படித்தான் இறங்கியது. பரணர் நற்றிணை 6ஆம் பாடலிலும் குறுந்தொகை 199ஆம் பாடலிலும் தலைவியின் கூந்தல் மணத்துக்கு ஓரியின் காட்டை நினைவூட்டுகிறார். கபிலர் குறுந்தொகை 100ஆம் பாடலில் கொல்லிப்பாவையைச் சொல்லும்போது ஓரியையும் சொல்கிறார். இவை புகழ்ப்பாடல்கள் அல்ல, அகப்பாடல்கள். பரிசில் எதிர்பார்க்க இடமில்லாத இடத்தில், ஊரறிந்த செய்தியாக அவன் பெயர் வந்துபோகிறது. பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடும்போது (புறநானூறு 158) எழுவரையும் வரிசையாகச் சொல்லி, அவர்கள் மறைந்த பின் உன்னை நினைத்து வந்தேன் என்கிறார். ஓரியின் பெயர் இன்னொரு வள்ளல்முன் வைக்கப்படும் அளவுகோலாகிவிட்டது.

தோற்றவனின் பெயர்

ஓரியைக் கொன்ற காரியும் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். கபிலரே அவனைப் புகழ்ந்து பாடியிருக்கிறார். சிறுபாணாற்றுப்படை, ஓரி கூத்தர்க்கு நாடு கொடுத்ததையும் காரியோடு போரிட்டதையும் ஒரே மூச்சில் சொல்கிறது. கல்லாடனாரின் அகநானூறு 209ஆம் பாடல் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குத் தந்ததைக் கூறுகிறது. அப்படிக் கூறும் இடத்திலும் கொல்லப்பட்டவனை அழியாத நற்புகழை நிறுவியவன் என்றே குறிக்கிறது. மலை கைமாறியது, அடைமொழி கைமாறவில்லை.

கபிலரின் நற்றிணை 320ஆம் பாடல் இன்னும் கூர்மையானது. ஓரியைக் கொன்றபின் காரி அந்தத் தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை, ஊரில் எழுந்த அலருக்கு உவமையாக்குகிறார். வென்றவனைப் பாடிய புலவர்தாம் தோற்றவனின் ஊர் கலங்கியதையும் பதிவுசெய்கிறார்.

மதிப்பீடு

இப்பாடல்களின் எல்லையையும் சொல்ல வேண்டும். புகழ் ஓரியின் உயிரைக் காக்கவில்லை. நாடுநாடாகச் சென்ற பாணர்களால் படை திரட்ட முடியாது. மேலும், கொடுக்கப்பட்ட பொன்னும் மணியும் மலையிலிருந்து வந்தவை என்று பாடல்கள் சொல்கின்றன. அவற்றைத் தேடிக் கொண்டுவந்த மலைமக்களைப் பற்றி இங்குப் பார்த்த பாடல்கள் பேசுவதில்லை. அவர்கள் குரல் கேட்பது நற்றிணையின் அந்த ஒரு தெருவில் மட்டுமே. வழிப்போக்கருக்குக் கொடுத்தது நினைவில் நின்றது, உடன் வாழ்ந்தவர்க்கு என்ன கொடுத்தான் என்பது நின்றதில்லை. கொடையால் எழும் புகழை எடைபோடும்போது இந்த இடைவெளியை மறக்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பின்னும் ஓரி பெற்ற செல்வாக்கு தனித்தன்மை உடையது. அவன் பெயர் கேட்டு நாணினான், பாட்டை மறந்தவர்களிடம் பாட்டைக் கேட்கவில்லை, இடித்துரைத்தவரும் வாழ்த்திச் செல்லும்படி நடந்தான் என்றே பாடல்கள் அவனைக் காட்டுகின்றன. பெற்றவர்கள் கட்டுப்படாதவர்களாக இருந்தார்கள். அதனால் அவர்கள் சொன்ன சொல்லைக் கேட்டவர்கள் நம்பினார்கள். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது ஓரியின் பெயர் மீண்டும் வாசகர் கைக்கு வந்தது. இன்று கொல்லிமலை விழாவில் வில்வித்தைப் போட்டி நடக்கிறது, அது பொருத்தமே. ஆனால் 152ஆம் பாடலில் அம்பு உடும்பில் தைத்ததோடு வில்லின் வேலை முடிந்துவிடுகிறது. மீதிப் பாடல் முழுவதும் பாணர்களுக்கும் அவனுக்கும் இடையே நடந்ததைப் பற்றியது.