பங்க் – புரோகிரசிவ் ராக் கலப்பின் தோற்றம்: 'முறிவு' குறித்த மறுபார்வை

1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் எழுந்த, எளிமையையும் வேகத்தையும் முன்னிறுத்திய பங்க், நீண்ட சிக்கலான கட்டமைப்புடைய புரோகிரசிவ் ராக்கை வீழ்த்தியது என்பது ராக் இசை வரலாற்றில் நிலைபெற்ற கருத்தாகும். செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜான் லைடன், பிங்க் ஃபிளாய்டை வெறுப்பதாக எழுதிய சட்டையை அணிந்தமை இதற்குச் சான்றாகக் காட்டப்பெறும். இக்கருத்தை ஏற்பின், இரண்டையும் இணைத்த குழுக்கள் பிற்காலக் கலப்புகளாகிவிடும்.

காலவரிசை அதற்கு இடந்தரவில்லை. புரோகிரசிவ் குழுவான வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் பாடகர் பீட்டர் ஹாமில், பங்க்கின் ஓசையை முன்னுணர்த்தும் 'நாதிர்ஸ் பிக் சான்ஸ்' தொகுப்பை 1975இலேயே வெளியிட்டார். 1977இல் லண்டன் கேபிடல் வானொலியில் அதன் பாடல்களை விரும்பி ஒலிக்கச் செய்தவர் அதே லைடன். 1976இல் தோன்றிய திஸ் ஹீட் குழுவில், குவயட் சன் என்னும் புரோகிரசிவ் குழுவில் இயங்கிய டிரம் கலைஞர் சார்லஸ் ஹேவர்டும் முறையான இசைப்பயிற்சியற்ற கேரத் வில்லியம்ஸும் இணைந்திருந்தனர். 1977இல் வேறு பெயரில் தொடங்கிய கார்டியாக்ஸ், அடிக்கடி மாறும் தாளக்கணக்கைப் பங்க்கின் வேகத்தோடு பிணைத்தது.

பங்க் எதிர்த்தது இசையின் சிக்கலை அன்று, அதை மேட்டிமையின் அடையாளமாக்கிய போக்கையே எனக் கொள்ள இவை இடமளிக்கின்றன. 'முறிவு' என்னும் காலப்பகுப்பே அளவுகோலாக நீடிக்கும்வரை, இக்குழுக்கள் வரலாற்றின் விளிம்பிலேயே நிற்கும்.